ஐந்து வாங்கியவளுக்குக் கேக்

நேற்று மாலை ஆய்வகத்திலிருந்து திரும்பும்போது, டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பேக்கரியின் கதவை யாரோ திறந்தார்கள். பாதாமும் தேனும் சேர்ந்து முறுகும் வாசனை தெருவுக்கு வந்தது. அதே கடைதான். கடைக்காரி மட்டும் மாறிவிட்டாள். இப்போது இருப்பவள் பழையவளின் மகள். உள்ளே போய், யோசிக்காமல், தேனீக் கேக் இரண்டு துண்டு கேட்டேன். அவள் அம்மா கட்டுவது போலவே காகிதத்தில் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பொட்டலத்தை மேசைமேல் வைத்த பிறகுதான், இரண்டு எதற்கு என்று எனக்கே கேட்கத் தோன்றியது.

இன்று ஞாயிறு. மணி பதினொன்றாகப் போகிறது. ஆறு வருடமாக ஞாயிறு பதினொன்றுக்கு என் தொலைபேசி மணி அடிக்கும். எடுத்தால் நீ வணக்கம்கூடச் சொல்லமாட்டாய். "இண்டைக்கு எத்தினை?" என்பாய். நான் ஓர் எண்ணைச் சொல்வேன். பிறகு நீ உன் எண்ணைச் சொல்வாய். அதற்கப்புறம்தான் மற்றப் பேச்செல்லாம். ஏழு ஞாயிறாக அந்த மணி அடிக்கவில்லை. அடிக்காது என்று எனக்குத் தெரியும். எர்லாங்கனில் உன் குழியில் மண் போட்டவர்களில் நானும் ஒருத்தி. இருந்தாலும் இந்த நேரத்துக்கு நான் வெளியே போவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

நம் கதையே எண்ணிக்கையில்தான் ஆரம்பித்தது. நான் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. திருச்சியிலிருந்து கன்னியர் சபையொன்று மருத்துவமனை உதவியாளர் வேலைக்கு என்று அழைத்து வந்திருந்தது. உதவி என்றால் படுக்கை விரிப்பது, தட்டு கழுவுவது, கிழவிகளைத் திருப்பிப் படுக்கவைப்பது. அன்று சலவை அறையில் விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எந்த ஊருக்குப் போனாலும் எண்ணுவது மட்டும் அவரவர் பாஷையில்தான் வரும் போலிருக்கிறது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "நாலு, அஞ்சு" என்றது.

திரும்பினேன். கையில் குழந்தைகள் வார்டு துணிக்கூடையோடு நீ நின்றாய்.

"நீர் தமிழோ?" என்றாய்.

நான் ஆமாம் என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன். நாலு மாதமாக ஒரு சொல் தமிழ் என் காதில் விழவில்லை. நீ யாழ்ப்பாணம். அதே சபை, அதே ஒப்பந்தம், வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. என் வயதுதான். "நீர்" என்று யாரும் என்னை அதுவரை கூப்பிட்டதில்லை. ராஜா வேஷம் கட்டியவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். நான் உன்னை "ஏன்டி" என்றதும் உன் முகம் சுருங்கியது. "என்னை டி போட்டுக் கதைக்காதையும்" என்றாய். ஒரு வாரம் முயன்று பார்த்தேன், எனக்கு வரவில்லை. நீயும் விட்டுக்கொடுத்துவிட்டாய்.

மருத்துவமனை ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவு வழியாக நாம் இருவரும் எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறதா? வெள்ளைச் சட்டை போட்ட பெண்கள் முக்காலியில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் கண் வைத்திருந்தார்கள். மருத்துவர்கள் வந்து அவர்களிடம் தணிந்த குரலில் கேட்டுப் போனார்கள். நம்மிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "இன்னும் விரிப்பு இருக்கிறதா" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் மருத்துவத் தொழில்நுட்ப உதவியாளர் பள்ளியில் படித்தவர்கள். ரத்தம் சோதிப்பது, எக்ஸ்ரே எடுப்பது எல்லாம் இரண்டு வருடம் கற்றவர்கள். அந்தப் பள்ளியில் சேர வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தோம். முதலில் சொன்னது நீயா நானா என்று கடைசிவரைக்கும் சண்டை போட்டிருக்கிறோம். நான்தான்.

வெளிநாட்டுச் சான்றிதழைப் பார்க்கவாவது சம்மதித்த ஒரே பள்ளி எர்லாங்கனில் இருந்தது. சந்திக்க ஒரு நாள், அவர்கள் சொல்லும் டெர்மின், வாங்கிக்கொண்டு, நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்து போனோம். பள்ளித் தலைவி நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். என்னுடைய பி.எஸ்ஸி. மதிப்பெண் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு விரலால் வரிசையாகத் தடவினார். மூன்றாம் வகுப்பு. அதிலும் இரண்டு தாள் இரண்டாம் தடவை எழுதியது.

"ஏன் இவ்வளவு குறைவு?" என்றார்.

உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று சொன்னேன். உனக்கும் பெரிய யோக்கியதை ஒன்றும் இல்லை. ஊரில் பெரிய பரீட்சையில் நாலு பாடத்தில் இரண்டில்தான் தேறியிருந்தாய். ஆனால் உன்னை அவர் அதே கேள்வி கேட்டபோது, "விளங்காமல் படிச்சேன், அதனால்தான்" என்று உனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னாய். தலைவி இருவருக்கும் ஒரே தீர்ப்புத்தான் சொன்னார். நீங்கள் வேலை பார்க்கும் ஊரில் பெரியவர்களுக்கான பள்ளி இருக்கிறது. வேதியியல், உயிரியல், இயற்பியல் மூன்றையும் ஒரு வருடம் படியுங்கள். மொத்தத்தில் "நன்று" என்ற தரத்தோடு வாருங்கள். அது இல்லாமல் வராதீர்கள்.

திரும்பும் ரயிலில் நீ கேட்டாய்: "ஏன் பொய் சொன்னனீர்?"

"உண்மைய சொன்னா யாரு எடுப்பா?"

"என்ன உண்மை?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால் எனக்கு எந்த நோயும் இல்லை, வீட்டில் எந்தக் கஷ்டமும் இல்லை. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். யாராவது வந்து கல்யாணம் செய்துகொண்டு போவார்கள், பட்டம் என்பது பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட மட்டும் என்று நினைத்திருந்தேன். யாரும் வரவில்லை. இதை உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை முழு நாளும் புதன்கிழமை பிற்பகலும் வகுப்பு. நமக்கு அங்கே நடந்ததைச் சொன்னால் இப்போதும் யாரும் நம்பமாட்டார்கள். முதல் வேதியியல் தேர்வுக்கு நான் இரண்டு பக்கம் ஜெர்மனை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கேள்வி வேறு எதையோ கேட்டது. எனக்கென்ன, மனப்பாடம் செய்ததை முழுக்க எழுதிவிட்டு வந்தேன். திருச்சியில் அதற்கும் ஏதாவது மதிப்பெண் விழும். அடுத்த வாரம் தாள் வந்தது. மேலே சிவப்பு மையில் வட்டம் போட்டு ஐந்து. ஐந்துக்கு ஐந்து என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன்; உன் தாளில் இரண்டு. நீ உதட்டைக் கடித்துக்கொண்டு அதை மடித்துப் பைக்குள் வைத்தாய்.

நான் நேராக இந்தப் பேக்கரிக்குத்தான் ஓடினேன். தேனீக் கேக் இரண்டு துண்டு. சலவை அறை மேசையில் வைத்து உன்னைச் சாப்பிடச் சொன்னேன். "விடுடி, அடுத்த தடவை பாத்துக்கலாம். நான் சொல்லித் தரேன்" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். நீ தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டாய். அந்த நேரத்தில்தான் இஸ்திரி போடும் ஃப்ராவ் கொவால்ஸ்கி வந்தாள். சுரங்கத்தில் புருஷனை இழந்தவள், ஐந்து பிள்ளைகளை இந்த ஊர்ப் பள்ளிகளில் படிக்கவைத்தவள். மேசைமேல் நான் விரித்து வைத்திருந்த தாளைப் பார்த்தாள். கேக்கைப் பார்த்தாள். மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"பிள்ளை, ஐந்துக்கா கேக்?" என்று கேட்டாள். பிறகு விரல்களை நீட்டி விளக்கினாள். இங்கே ஒன்றுதான் உச்சி. இரண்டு நன்று. நாலு வரைக்கும் தேறியதாகக் கணக்கு. ஐந்து தோல்வி.

அவள் சிரித்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் துண்டை நான் ஏற்கெனவே முடித்திருந்தேன். நீ சிரிப்பாய் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் உன்னோடு நான் அதற்கப்புறம் பேசியிருக்கமாட்டேன். நீ உன் தட்டில் மீதியிருந்த பாதியை என் பக்கம் தள்ளினாய்.

"இப்ப இது உமக்குத்தான் வேணும். தின்னும்."

"நீதானே நல்லா எழுதியிருக்க."

"நல்லா எழுதினவளுக்கு என்னத்துக்குக் கேக்? அஞ்சு வாங்கினவளுக்குத்தான் வேணும்."

அன்றிலிருந்து அது நம் வழக்கம் ஆயிற்று. சூப்புக்கு நாலு, டிராம் ஓட்டுநருக்கு மூன்று, தலைமைக் கன்னியரின் கோபத்துக்கு ஒன்று என்று எல்லாவற்றுக்கும் தரம் போட்டோம். நாட்களுக்கும் போட்டோம். யாருக்கு ஐந்து நாளோ அவளுக்கு மற்றவள் கேக் வாங்க வேண்டும்.

நான் படித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, விளங்கிக்கொள்வதற்காகப் படித்தேன். வேலைக்குப் போகுமுன் காலையில், ஞாயிறு பிற்பகல்களில், சூடு பரவிய அந்தச் சலவை அறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து படித்தோம். அடுத்த தேர்வில் மூன்று, அதற்கடுத்ததில் இரண்டு, பிறகு ஒரு தடவை ஒன்றுகூட வந்தது. ஆனால் அரை வருட அறிக்கையில் எனக்கு மூன்றைவிட மோசமாகப் போட்டிருந்தார்கள். கூட்டல் தப்பு என்று வேதியியல் ஆசிரியரிடம் போனேன். போரில் ஒரு கையை இழந்தவர். சட்டையின் இடது கையை மடித்து ஊசி குத்தியிருப்பார்.

"தப்பு இல்லை" என்றார். "பாதி மதிப்பெண் வகுப்பில் பேசுவதற்கு. நீங்கள் வாயே திறப்பதில்லை. அந்த அலமாரியும்தான் திறப்பதில்லை. அலமாரிக்கு நான் என்ன தரம் போடுவது?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. திருச்சியில் வகுப்பில் வாய் திறப்பவள் அடங்காப்பிடாரி. இருபது வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்ததற்குத்தான் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருந்தது. அந்த நல்ல பெயர்தான் இங்கே ஐந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நீ மட்டும் எப்படியோ முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டாய். தப்போ சரியோ, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாய்.

"கிழமைக்கு ஒரு கேள்வி. எழுதிக்கொண்டு வாரும். நான் இருமினவுடனே கையைத் தூக்கும்" என்றாய். கிழமை என்றால் உங்கள் ஊரில் வாரம்.

நீ இருமினாய். நான் எங்கள் ஊர் வழக்கப்படி கையை முழுக்க நீட்டி, உள்ளங்கை விரித்து, உயரத் தூக்கினேன். முன்வரிசையில் இருந்த வயதானவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆசிரியர் என்னருகே வந்து, தம்முடைய ஒரே கையால் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். "இங்கே இப்படி. விரல் மட்டும் போதும்" என்று தணிந்த குரலில் சொன்னார். இந்த நாட்டில் இருபத்தைந்து முப்பது வருடத்துக்கு முன்னால், நாஜிகள் காலத்தில், எந்தத் தலைவனுக்கு வணக்கமாகக் கைகள் அப்படி நீண்டன என்பதை ஃப்ராவ் கொவால்ஸ்கிதான் பிறகு சொன்னாள். நான் எழுதிக்கொண்டு போன கேள்வியைக் கேட்காமலே மடித்துப் பைக்குள் வைத்தேன். அடுத்த இரண்டு மாதம் நீ எவ்வளவு இருமியும் நான் விரலைக்கூட அசைக்கவில்லை. கையைத் தூக்கிய அன்றைக்கு எனக்கு ஐந்து. நீ கேக் வாங்கி வந்தாய்.

வருடம் முடிந்தது. இருவரும் எர்லாங்கனுக்கு விண்ணப்பம் அனுப்பினோம். ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தது. உனக்கு இடம் இருந்தது. எனக்கு, "எழுத்தில் நன்று, பங்கேற்பில் போதாது, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று இருந்தது.

இதை நான் உன்னிடம் நேரில் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். நீ போகிற அன்று எனக்கு வேலை இருக்கிறது, ரயில் நிலையத்துக்கு வர முடியாது என்றேன். வேலை இல்லை. சலவை அறையில், கதவுக்குப் பின்னால், விரிப்புக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தேன். பொறாமைதான். அதற்கு வேறு நல்ல சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உன் ரயில் கிளம்பியிருக்கும் என்று தெரிந்த பிறகு அறைக்குப் போனேன். என் மேசைமேல் நூல் கட்டிய காகிதப் பொட்டலம். ஒரு துண்டு கேக். காகிதத்தின் மேல் பென்சிலால் எழுதியிருந்தாய்: "5. தின்னும்."

எனக்கு வேலை இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. அதை ஒருநாளும் நீ கேட்கவில்லை. நானும் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிட்டேன்.

நீ போன பிறகு வந்த வருடத்தை எப்படிச் சொல்வது? தனிமை என்றால் ஆளில்லாமல் இருப்பது என்று நினைத்திருந்தேன். இங்கே சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். வார்டில் முப்பது நோயாளிகள், சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு பேர். அவர்கள் பேசுவது ஓரளவு புரிந்தது. ஆனால் நான் பேச வேண்டிய அவசியம் எதுவும் யாருக்கும் இல்லை. பகலில் "சரி", "இதோ", "நன்றி" இந்த மூன்றே போதும். தமிழில் எண்ணிக்கொண்டே விரிப்பு அடுக்கினேன். மூன்று வந்ததும் தன்னால் நின்றுவிடுவேன். யாரும் நாலு சொல்லவில்லை.

அதே வகுப்பில் மறுபடியும் சேர்ந்திருந்தேன். அப்போதுதான் ஒரு சனிக்கிழமை விரலைத் தூக்கினேன். விரல் மட்டும். நீ இருமாமலே. உப்பு நீரில் கரையும்போது எங்கே போகிறது என்று கேட்டேன். சிறுபிள்ளைக் கேள்விதான். ஆசிரியர் சிரிக்கவில்லை. கரும்பலகை முழுக்கப் படம் போட்டு இருபது நிமிஷம் விளக்கினார். நான் திரும்பவும் ஒன்று கேட்டேன். அதற்கடுத்த சனிக்கிழமை மூன்று கேட்டேன். பிறகு நிறுத்த முடியவில்லை. வாரம் முழுக்க நான் வாய் திறந்து முழு வாக்கியம் பேசிய ஒரே இடம் அந்த வகுப்பறைதான். மதிப்பெண்ணுக்காகக் கேட்டேன் என்று ஆசிரியர் நினைத்திருப்பார். யாராவது என்னைப் பார்த்துப் பதில் சொல்லமாட்டார்களா என்றுதான் பாதிக் கேள்வி கேட்டேன். கடைசி வகுப்பில் அவர், "அலமாரியைத் திறந்தது நான்தான், இப்போது மூட முடியவில்லை" என்றார்.

மொத்தத்தில் இரண்டு. நன்று. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் தெருவில் அழுதேன். உனக்குத் தந்தி கொடுக்கலாம் என்று நினைத்து, பிறகு தபால் அட்டையில் "2" என்று மட்டும் எழுதிப் போட்டேன்.

எர்லாங்கனில் நடந்த நேர்காணலின்போது நீ வெளியே நடையில் காத்திருந்தாய். தலைவி புதுச் சான்றிதழைப் பார்த்தார். பெட்டியிலிருந்து பழைய பி.எஸ்ஸி. பட்டியலை எடுத்து அதன் அடியில் வைத்தார். "பழையது காணாமல் போகாது. அடியில் இருக்கும்" என்றார். பிறகு, "அது ஏன் அவ்வளவு குறைவு? உடம்பு சரியில்லை என்றீர்கள்" என்றார். இரண்டு வருடம் நினைவு வைத்திருந்திருக்கிறார்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் படிக்கவில்லை. கல்யாணம் ஆகிவிடும் என்று நினைத்தேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து உன்னிடம் சொன்னபோது நீ முதலில் இடத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"உண்மையைச் சொன்னனீரோ?"

"சொன்னேன்டி."

"அப்ப சரி."

அந்த ஊரில் இரண்டே இரண்டு வருடம் சேர்ந்து இருந்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, நன்றாக இருந்தது. நீ எக்ஸ்ரே பக்கம் போனாய், நான் ரத்தம். உனக்கு அங்கேயே வேலை கிடைத்தது. என்னைத் திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பழைய மருத்துவமனை அனுப்பியிருந்தது, அதனால் நான் கெல்சென்கிர்ச்சனுக்கே வந்தேன். அதே கண்ணாடிக் கதவுக்கு உட்பக்கம் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவர்கள் என்னிடம் தணிந்த குரலில் கேட்டுப் போகிறார்கள். ஞாயிறுதோறும் நீ கூப்பிட்டாய்.

இந்த வருடம் வசந்தத்தில் ஒரு ஞாயிறு, "இண்டைக்கு எத்தினை?" என்று கேட்கவில்லை. "ஒரு கடதாசி எடும், எழுதும்" என்றாய். உன் ரத்தச் சோதனை முடிவை வரிசையாகப் படித்தாய். வெள்ளணுக்கள், சிவப்பணுக்கள், தட்டணுக்கள். நான் எழுதினேன். முதல் எண்ணிலேயே என் கை நின்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும், எண் எதுவும் எனக்குப் புரியவில்லை, மருத்துவரைக் கேள் என்று சொல்லியிருக்கலாம். உனக்கும் எனக்கும் அந்த வழி இல்லை. எவ்வளவு பாடுபட்டு, எத்தனை கேக் தின்று, அந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். படிக்காமலே இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு மட்டும் நினைத்தேன்.

நீதான் பேசினாய்.

"நாலு எண்டு வையுமன்" என்றாய்.

நாலு என்றால் தேறியது. நாம் இருவருமே அது நாலு இல்லை என்று அறிந்திருந்தோம். "சரிடி, நாலு" என்றேன். உன்னிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

இந்த முறை நான் கதவுக்குப் பின்னால் ஒளியவில்லை. கிடைத்த விடுப்பிலெல்லாம் வந்தேன். ஒவ்வொரு தடவையும் இந்தக் கடையில் கேக் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்க ரயிலில் வந்தேன். எர்லாங்கனிலும் தேனீக் கேக் கிடைக்கும் என்று நீ கேலி செய்தாய். கடைசித் தடவை உன்னால் எழுந்து உட்கார முடியவில்லை. தலைமுடி போயிருந்தது. பொட்டலத்தின் நூலைப் பிரித்து, தட்டில் வைத்து, உன் பக்கம் தள்ளினேன்.

"இப்ப இது உனக்குத்தான் வேணும்" என்றேன்.

நீ மேலே ஒட்டியிருந்த பாதாம் சீவல் ஒன்றை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய். வெகுநேரம் மென்றாய்.

"இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டேன்.

"ரெண்டு."

"ரெண்டா?"

"ஓம். நீர் வந்தனீர். ஒண்டு எண்டு சொல்ல ஏலாது. நோகுது."

ரயில் நிலையத்துக்கு வராத அந்த நாளைப் பற்றி அப்போதுதான் சொல்ல வாயெடுத்தேன். நீ கண்ணை மூடியிருந்தாய். உறக்கமா, வேண்டாம் என்றா, எனக்குத் தெரியவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடக்கத்தன்று மழை தூறிக்கொண்டிருந்தது. உன் மருத்துவமனைப் பெண்கள் வந்திருந்தார்கள். எப்போதோ ஒருவனுக்குக் கை முறிந்தபோது நீ தமிழில் பேசி எக்ஸ்ரே எடுத்தாயாம். அவனும் அவன் கூட்டாளிகள் இருவரும், எங்கள் தமிழ்நாட்டு என்ஜினியர்கள், சைக்கிளில் நனைந்துகொண்டு வந்து ஓரமாக நின்றார்கள். எனக்கு அவர்களிடம் பேசத் தோன்றவில்லை. தமிழ்தான், ஆனால் அது உன் தமிழ் இல்லை.

மணி பதினொன்று அடித்து அரை மணி ஆகிறது. தொலைபேசி சும்மா இருக்கிறது. எழுதிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். ஒரு துண்டை என் முன்னாலும் ஒன்றை எதிர்ப்பக்கத்து நாற்காலிக்கு முன்னாலும் வைத்திருக்கிறேன். எனக்கு இன்றைக்கு எத்தனை என்று யாரும் கேட்கப் போவதில்லை. நானே சொல்கிறேன். ஐந்து. ஏழு ஞாயிறாக ஐந்துதான். இந்தத் தடவை அதை ஐந்துக்கு ஐந்து என்று நினைத்துக்கொள்ள எனக்கு வழி இல்லை.

என் துண்டை முடித்துவிட்டேன். எதிர்ப்பக்கத்துத் தட்டு அப்படியே இருக்கிறது. எட்டி அதை என் பக்கம் இழுத்தேன். வெறும் அறையில் சத்தமாகவே சொன்னேன், என் திருச்சி வாயால், நீ சொல்வது போலவே: "இப்ப இது உமக்குத்தான் வேணும். தின்னும்."

"ஓம்" என்றேன். தின்றேன்.